நீ காலியாக விட்ட இடம்

தம்பி,

நேர்காணல் முடிந்து வந்த அன்று மாலை, ஷூவைக் கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஸ்கில்லுன்னு ஒண்ணும் கிடையாதும்மா" என்று சொன்னாய். நான் பதில் சொல்லவில்லை. "எல்லாம் மேலாப்புல கொஞ்சம் கொஞ்சம் தெரியும், உருப்படியா ஒண்ணும் தெரியாது" என்றாய். அதற்கும் சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து உன் அப்பா, "அப்பப் பேசாம கடைக்கு வா, யாரு வேணாம்னா?" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை ஏற்றினேன். சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நம் கடையில் உன் முதுகுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தது அது. அதை மட்டும் சொல்லியிருந்தால் நீ நிமிர்ந்து பார்த்திருப்பாய். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். அடுத்த நேர்காணலுக்கு நாளை மறுநாள் நீ கோயம்புத்தூர் போகிறாய். அதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று, பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எனக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். பத்தொன்பது வயதில் கல்யாணம், அடுத்த வருடம் நீ. உன்னைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது வரிசையில் நின்ற ஒரு பெண் "உங்க அக்காவா?" என்று கேட்க, நீ "ஆமா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாய். ஏறக்குறைய நாம் இருவரும் சேர்ந்தேதான் வளர்ந்தோம். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது நான் தபால் வழியில் பட்டம் முடித்தேன். இந்த மிஷன் பள்ளியில் நூலக வேலைக்கு என்னைப் பார்த்த சிஸ்டர், "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரியாது சிஸ்டர், புத்தகம் படிப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "வேற எதுக்கும்மா நூலகத்துல ஆளு வைக்கிறோம்?" என்றார். அதுவரை, படிப்பது என்பது சோறு ஆக்கிவிட்டு மிச்ச நேரத்தில் ஒளிந்து செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆகவே நீ சொன்ன வாக்கியம் எனக்குப் புதியது அல்ல. உன் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு கனமானது என்று தெரிந்தது.

உன் பயோடேட்டாவை நான் படித்தேன். பிரின்ட் எடுக்கச் சொல்லி நீதான் அனுப்பினாய். இடது பக்கம் நீலப் பட்டையில் உன் திறமைகளுக்கு நீயே நட்சத்திரம் போட்டிருந்தாய். தலைமைப் பண்புக்கு நான்கு. குழுவாக வேலை செய்வதற்கு ஐந்து. தமிழுக்கு மூன்று. தமிழுக்கு ஏன் மூன்று என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் நாலு, அஞ்சு போட்டா நம்ப மாட்டாங்கம்மா, ஒண்ணுல குறைச்சுக்கணும்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குக் கீழே, வேலை அனுபவம் என்ற இடத்தில், ஃப்ரெஷர் என்று ஒரே சொல்லில் முடித்திருந்தாய். கல்லூரியில் இருந்தபோதும், முடித்த பிறகு இந்த ஒன்றரை வருடமும், அவனியாபுரத்தில் உன் அப்பாவின் பேனர் கடையில் நாளில் பாதி நீதான் உட்கார்ந்திருந்தாய். அது அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதை மறைத்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு வேலை என்றே உனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். தங்கள் திறமைகளை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒருத்தி பேனாவைக் கடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தெருவில் யாருக்கு எந்தச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டுமானாலும், வங்கியிலிருந்து ஏதாவது குறுஞ்செய்தி வந்து பயந்துபோனாலும், இவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் படம் எடுத்து வரிசையாக வைத்திருப்பாள். "அதை எழுதேன்" என்றேன். "போங்க மிஸ், அதெல்லாம் போன்ல பண்றது. எல்லாரும்தான் பண்ணுவாங்க" என்றாள். கடைசியில் 'கடின உழைப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கு எதுவும் தெரியாது என்பதை வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்ல ஆள் தேவையில்லை; நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள். ஒரு சான்றிதழோ படிப்போ பின்னால் இல்லாவிட்டால், கையால் நூறு முறை செய்ததைக்கூடத் தெரியும் என்று சொல்ல உங்களுக்குக் கூசுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டால் நான் உன்னைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நீ நினைப்பாய். வீடியோ பார்த்தால் எதையும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று உனக்கு ஒரு நம்பிக்கை. போன வைகாசியில் கல்யாண பேனர் ஒன்றுக்கு, வண்ணத்தைத் தூக்கிக் காட்டுவது எப்படி என்று புதிதாகக் கற்றுக்கொண்டு, அப்பாவிடம் காட்டாமலே திருமங்கலத்துக்கு அச்சுக்கு அனுப்பினாய். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நாலு பேர் அதைச் சுருட்டி பைக்கில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். "மாப்ள, இது கல்யாண போஸ்டரா, காணவில்லை போஸ்டரா? எங்காளு மூஞ்சி பாசி புடிச்ச கிணறு மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். "பொண்ணு வீட்டுல பாத்தா மருந்து குடிச்சுட்டான்னு நினைச்சுப்புடுவாங்கடா" என்றான் இன்னொருவன். நீ அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அவர்கள் போன பிறகு முகம் சுருங்கியது. அன்று எனக்கு ஒன்று விளங்கியது. உனக்கு வராத காரியத்தை வரும் என்று நினைக்கிறாய். வருகிற காரியம் உன் கண்ணுக்கே தெரிவதில்லை.

நேர்காணலில் அவர்கள் கேட்ட கேள்வியை நீதான் என்னிடம் சொன்னாய். ஆட்களுக்குள் மனத்தாங்கல் வந்து, அதை நீங்கள் தீர்த்து வைத்த ஓர் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். அதற்கு நீ தயாராகப் போயிருந்தாய். முந்தின நாள் போனில் அந்த ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய பதிலை எனக்கு ஒப்பித்தும் காட்டினாய். கல்லூரி ப்ராஜெக்டில் இரண்டு நண்பர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததாம். நீ இருவரையும் உட்கார வைத்துப் பேசி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, குறித்த நாளில் முடித்தாயாம். தம்பி, அந்த ப்ராஜெக்டை நீங்கள் டவுனில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கினீர்கள். தீபாவளிச் சட்டையைக் காட்டுவது மாதிரி அதன் அட்டையை என்னிடம் விரித்துக் காட்டினாய். அதில் சண்டை போட என்ன இருந்தது? நேர்காணலில் இருந்தவரும் அதைத்தான் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்: "அதுல நீங்க எழுதின பகுதி எது?" உனக்கு முன்னால் போன பையனும் இதே கதையைத்தான் சொன்னான் என்று வெளியே வந்த பிறகு தெரிந்ததாம்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இதை நீ மறந்திருக்கலாம். உன் அப்பா திருமங்கலத்துக்கு அச்சு வேலைக்குப் போயிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. உனக்கு இட்லியும் காபியும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் இறந்திருந்தார். அவருடைய மருமகன் வந்து போட்டோவும் பெயர்களும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நம் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனரில் பெயர் வருவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று வரிசை மாறாமல் வர வேண்டும். அதில் பெயர் இல்லாதவரைத் துக்கம் கேட்க வந்த ஆள் என்றுதான் தெரு நினைக்கும். நீ பெயர்களை அடித்து முடித்திருந்தாய். இடது பக்கம் மகன்கள், வலது பக்கம் மகள்கள், இரண்டும் ஒரே அளவில் அழகாக நின்றன.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கல்லூரியில் படிக்கிற வயது. படியேறாமல் ரோட்டிலேயே நின்றாள்.

"அண்ணே, லேத்துப் பட்டறைக்காரரு பேனரு இங்கதான அடிக்கிறாங்க?"

"ஆமா. சொல்லுங்க."

"அதுல என் பேரு இருக்கான்னு பாக்கணும்."

பெயரைச் சொன்னாள். நீ திரையை மேலும் கீழும் பார்த்தாய், அது இல்லை என்று உனக்குத் தெரிந்த பிறகும். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாய்.

"மக." பிறகு, நீ கேட்காமலே சொன்னாள்: "ரெண்டாவது வீடு. எங்கம்மா பேரெல்லாம் வேணாம்ணே. என் பேரு மட்டும் கடைசில சின்னதாப் போட முடியுமா? அங்க எங்கள உள்ள விட மாட்டாங்க. ரோட்டுல நின்னாச்சும் பாத்துக்கிருவேன்."

நான் இட்லிப் பாத்திரத்தைத் திறந்தபடியே நின்றேன். நீ முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவளுக்காக வருத்தப்படுகிற முகமும் காட்டவில்லை. "பேரை எப்படி எழுதுவீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாய். அவள் சொன்னாள். "சரி, வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்றாய். அவள் போன பிறகு நீ அந்தப் பெயரை அடிக்கவில்லை. வேறு ஒன்று செய்தாய். வலது பக்கத்து எழுத்துகளைக் கொஞ்சம் சிறிதாக்கினாய். வரிகளை மேலே நகர்த்தினாய். ஒழுங்காக இருந்த பேனரில் மகள்களின் கீழே பளிச்சென்று ஒரு வெற்றிடம் வந்தது. அதன் பிறகு மூத்த மகனுக்குப் போன் செய்து, ப்ரூஃப் பார்க்க நேரில் வரச் சொன்னாய்.

அவர் உறவுக்காரர்கள் இருவரோடு வந்தார். வரும்போதே கோபம். "என்ன மாப்ள, வாட்ஸ்அப்ல அனுப்ப வேண்டியதுதான? சாவு வீட்ட விட்டுட்டு வரச் சொல்றியே." நீ எழுந்து நின்று, "இல்லண்ணே, பெரிய பேனரு, ஒரு தப்புன்னா திரும்ப அடிக்கணும். ஒரு நிமிசம்" என்றாய். கூட வந்தவர்களிடம், "அண்ணே, வெளிய ரெண்டு ஃப்ரேம் சாத்தியிருக்கு, உங்க தெருவுக்கு எது தோதுன்னு பாத்துச் சொல்றீகளா?" என்று அனுப்பினாய். அவர் தனியாக நின்றார். திரையில் அவருடைய அப்பா.

"அண்ணே, பையன் பக்கம் நிறைஞ்சிருச்சு. மக பக்கம் ஒரு வரி காலியா நிக்குது. பாக்க ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. எழுத்தப் பெருசாக்கவா, இல்ல அந்தப் பக்கம் போடுறதுக்கு இன்னும் ஏதாச்சும் பேரு இருக்கா?"

அவர் திரையை நெருங்கி அந்தக் காலி வரியைப் பார்த்தார். நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே உறவுக்காரர் ஒருவர், "ஏப்பா, முடிஞ்சுச்சா?" என்று கத்தினார். "இருங்க, வாரேன்" என்றார் இவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு பேரு இருக்கு" என்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். நீ முதல்முறை கேட்பது போல, "எப்படிண்ணே எழுதணும்?" என்று கேட்டு அடித்தாய். "எங்கம்மா கேட்டா, இடம் காலியா இருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். "ஆமாண்ணே, இருந்துச்சுல்ல" என்றாய். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "இட்லிக்குச் சட்னி கொண்டாரலையாம்மா?" என்று கேட்டாய். மறுநாள் நான் ஷேர் ஆட்டோவில் அந்தத் தெருவைத் தாண்டினேன். பேனர் நின்றது. அந்தப் பெயர் மற்ற மகள்களின் பெயர் அளவுக்கே இருந்தது.

அவர்கள் கேட்ட கேள்விக்கு உன்னிடம் இருந்த பதில் இதுதான். ஒரு மனிதருக்குச் செய்ய மனம் இருக்கிறது, ஆனால் செய்தால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு, செய்வதற்கு ஒரு சாக்கை உண்டாக்கிக் கொடுத்தாய். நியாயம் பேசியிருந்தால் அவர் உன்னை அடித்திருப்பார். பரிந்து கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது பிச்சையாகியிருக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் உனக்குக் காட்ட முடியாது. நானும் எவ்வளவோ படித்துவிட்டேன். உன் அப்பாவுக்கும் இது வராது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததும், "வேணாம்த்தா, வம்பு" என்று அனுப்பியிருப்பார். நீ ஏன் இதற்கு ஒரு நட்சத்திரம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டால், "அது பேனரு வேலைதானம்மா" என்பாய்.

பிறகு ஏன் நேர்காணல் முடிந்து வந்த அன்று இதைச் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ கடையிலேயே இருந்துவிடுவாய் என்ற பயம்தான். உன் அப்பா உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். நான் இதைச் சொன்னால், "பாத்தியா, தொழிலு அவனுக்கு ரத்தத்துல இருக்கு" என்று அடுத்த வாரமே உனக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டிருப்பார். கடையில் இருப்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கடைதான் நமக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தலைகுனிந்து வந்து உட்கார்கிற இடமாக அது உனக்கு ஆகக் கூடாது. தோற்றுப் போய் உட்கார்ந்தவன் எழுந்திருப்பது கஷ்டம். இன்னொன்றும் உண்டு. நான் கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஊரில் ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. வேறு ஊர்களை எல்லாம் புத்தகத்தில்தான் பார்த்தேன். நீ போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் நன்மைக்காக என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. அன்று நான் வாயை மூடிக்கொண்டது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. சொல்லாமலே உன்னை அனுப்பினால், வெறுங்கையோடு போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நீ போவாய் என்பது மட்டும் இந்த நாட்களில் தெரிந்தது. சாப்பிடும்போதுகூட நீ போனில் ஏதோ பாடத்தை ஓட்டிக்கொண்டே இருந்தாய். மூன்று நாளில் இன்னொரு சான்றிதழ் வந்துவிடும் என்றாய்.

அந்தப் பாடத்தைப் படி. கோயம்புத்தூரில் கேட்கிற கம்ப்யூட்டர் கேள்விகளுக்கு அது வேண்டியிருக்கும். அதில் எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது. ஆனால் உன்னைப் பற்றி யாராவது கேட்டால் போனிடம் போய்க் கேட்காதே. அது உன்னைப் பார்த்ததில்லை. உன்னால் எப்போது, எங்கே, யாருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது என்று யோசி. ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போன் பண்ணு. இங்கிலீஷில் சொல்ல வராத இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தமிழில் சொல். தமிழுக்கு நீ போட்ட மூன்று நட்சத்திரம் தப்பு. அந்த அண்ணனிடம் பேசியபோது நீ ஒரு சொல் கூட்டவுமில்லை, ஒரு சொல் குறைக்கவுமில்லை. வேலை கிடைத்த பிறகும் இது வேண்டியிருக்கும். எந்த அலுவலகத்திலும் வெளியே, படியேறத் தயங்கிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். அவரிடம் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்கத் தெரிந்தவன் நீ. அந்தப் பழக்கத்தை அங்கே போய் விட்டுவிடாதே.

*

இதை உன் பையில் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, வாடிப்பட்டி தாண்டுவதற்குள் போன் வந்தது. "ஏம்மா, அந்த இடத்த நான் வேணும்னே காலியாக்குனத நீ பாத்துக்கிட்டா இருந்த?" என்றாய். "ம்" என்றேன். "அப்பாட்ட சொல்லிறாத, இனி எல்லா பேனருக்கும் ஆளுகள நேர்ல வரச் சொல்வாரு" என்றாய். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்டபோது, அந்தக் குடும்பத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றி எழுது என்று மட்டும் சொன்னாய், மாற்றியிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நீ பேனர் கதையைச் சொன்னாய். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். நேர்காணல் செய்த மூன்று பேரும் கடைசி வரை கேட்டார்கள். நடுவில் இருந்த அம்மாள், "அப்புறம் அந்த மூத்த மகனோட அம்மா ஏத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாராம். "தெரியல மேடம், நாங்க பேனர கட்டிட்டு வந்துட்டோம்" என்றாயாம். இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் உன்னை எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நீ கடையைத் திறந்தாய். செவ்வாய்க்கிழமை ஓசூரில் இன்னொரு நேர்காணலுக்குப் புறப்பட்டுப் போனாய்.